பக்கத்து வயல்காரனை வரைவது

சமாதானம் என்று தலைப்புக் கொடுத்தால் புறா வரும். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருப்பவன் என்கிற முறையில் இதை அடித்துச் சொல்வேன். சுற்றுச்சூழல் என்றால் பூமி உருண்டையைத் தாங்கும் இரண்டு கை, ஊழல் என்றால் மேசைக்கு அடியில் நீளும் கை, சமாதானம் என்றால் வாயில் இலையோடு வெள்ளைப் புறா. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. காலண்டரிலும் ஆண்டுவிழா மேடையிலும் நாம்தான் அந்தப் படத்தைப் போட்டுப் போட்டு அவர்கள் கையில் திணித்தோம்.

போன டிசம்பரில் எங்கள் ஊர் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் சமாதானம் என்ற தலைப்பில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்களில் படிக்கிற ஏசாயா வசனத்தில் ‘சமாதானப்பிரபு’ என்று வருமே, அதிலிருந்து எடுத்த தலைப்பு. சபையார் மட்டுமில்லை, ஊரில் யார் வேண்டுமானாலும் படமோ பொருளோ கொடுக்கலாம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. சின்ன வயதில் அந்த வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், அவ்வளவுதான் ஒட்டு. வந்ததைப் பிரித்து மாட்டிக்கொடுக்கும் வேலைக்கு ஆள் தேடியபோது ஐயர் என் வீட்டுக்கு வந்துவிட்டார். (வெளியூர் வாசகர்களுக்கு: இந்தப் பக்கத்துப் பழைய சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.)

“பரிசெல்லாம் கிடையாது சார். வந்ததெல்லாம் மாட்டணும்” என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. பரிசு என்று ஒன்று வந்துவிட்டால் அப்புறம் வரைவது பெற்றோர்தான்.

எங்கள் ஊர் நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குக் கீழே, வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. டிசம்பர் என்றால் அடைமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கிற காலம். சபை மண்டபத்துச் சுவரெல்லாம் ஓதம் ஏறிப் பிசுபிசு என்று கிடந்தது. செல்லோ டேப்பு ஒட்டினால் காலையில் படம் தரையில். கடைசியில் ஜன்னலுக்கு ஜன்னல் சணல் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப் மாட்டித் தொங்கவிட்டோம். மின்விசிறியைப் போட்டால் அத்தனை புறாவும் ஒரே நேரத்தில் படபடத்தன. அந்த ஒரு காட்சிக்காக வேண்டுமானால் புறாக்களை மன்னிக்கலாம்.

புறாவோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. நோவாவின் பேழைக்குத் திரும்பி வந்த புறாவின் வாயில் ஒலிவ இலை இருந்தது என்று ஆதியாகமத்தில் இருக்கிறது. வெள்ளம் வடிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். வெள்ளம் வடிவது என்றால் என்ன என்று டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இன்று உலகம் முழுக்க ஓடுகிற சமாதானப் புறா பிக்காசோவிடமிருந்து வந்தது. 1949இல் பாரிஸில் நடந்த உலக சமாதான மாநாட்டின் சுவரொட்டிக்கு அவர் கல்லச்சில் செய்த ஒரு புறாவை எடுத்தார்கள். அது கற்பனைப் பறவை இல்லை. நண்பர் மத்தீஸ் அவருக்குக் கொடுத்த நிஜப் புறா, காலில்கூட இறகு வைத்த ஜாதி. மாநாடு நடந்த அதே மாதம் பிறந்த மகளுக்குப் புறா என்று பொருள்படும் பலோமா என்ற பெயரையே வைத்தார். வீட்டில் இருந்த பறவையைப் பார்த்து வரைந்தவர் அவர். எங்கள் பிள்ளைகள் வரைவது போனில் தேடினால் முதலில் வருகிற படத்தை. கோயில் கோபுரத்துச் சந்தில் அடைகிற சாம்பல் நிறப் புறாவை, கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்னுமே அதை, ஒருவர்கூட வரையவில்லை. ஒலிவ மரம் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை என்பதால் இலை மட்டும் ஆளுக்கொரு விதமாக வந்திருந்தது. ஒரு சின்னப் பெண் வேப்பங்கொத்து போட்டிருந்தாள். அதை நடுவில் மாட்டினேன்.

புறாவுக்கு அடுத்தபடி அதிகம் வந்தது தூரத்துப் போர்கள். காஸா, உக்ரைன். இடிந்த கட்டடம், அழுகிற குழந்தை, டாங்கி. கல்லூரிப் பிள்ளைகள் சிலர் நன்றாகவே வரைந்திருந்தார்கள், கரிக்கோலில் நல்ல அழுத்தம். கொடுமையைக் கண்டு மனம் பதறுவது நல்லதுதான், அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள், தலையை ஆட்டினார்கள், அடுத்த படத்துக்குப் போனார்கள். அந்தச் சண்டையில் நமக்குப் பங்கு இல்லை. நாம் யாரிடமும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால் அந்தச் சமாதானத்தை விரும்புவது ரொம்பச் சுலபமாக இருக்கிறது.

இந்த எண்ணம் வந்த பிறகு மாட்டுகிற வரிசையையே மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் புறாக்கள், பிறகு தூரத்துச் சண்டைகள், உள்ளே போகப் போகப் பக்கத்துச் சண்டைகள். உள்ளே போகப் போகப் படங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

தஞ்சாவூர் பாணியில் ஒரு குழந்தை இயேசு வந்திருந்தார். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிக் கலவையில் மேடு எழுப்பி, தங்க ரேக்கும் கல்லும் பதித்து, கன்னம் இரண்டும் வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணனுக்கு இருக்கிற மாதிரியே உப்பலாக. வேலை சுத்தம். பார்த்தவர்கள் எல்லாம் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். சமாதானத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் கேட்கக்கூடாது. நெட்டியில் செய்த நோவாவின் பேழை ஒன்றும் இருந்தது. குளத்தில் விளைகிற தண்டைச் சீவி, தந்தம் போல வெள்ளையாக. நெட்டி வேலைக்காரர்கள் பெரிய கோயிலைச் செய்து செய்து கை பழகியவர்கள். பேழையின் கூரையிலும் விமானத்தின் சாயல் லேசாகத் தெரிந்தது.

சபையின் பங்காக ஐயர் ஒரு பேனர் வைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றியது. தஞ்சாவூர்ப் பக்கம் எந்தச் சீர்திருத்தச் சபையிலும் அவர் படம் இல்லாமல் கண்காட்சி நடக்காது. தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் கட்டிய கோயிலில் அவருக்கு ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சரபோஜி, கட்டிலருகே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கடைசி வரை மதம் மாறாத ஒரு மராட்டிய அரசர், தன்னை வளர்த்த பாதிரியாருக்குச் செய்த மரியாதை. எத்தனையோ முறை பார்த்த சிற்பம்தான். ஒவ்வொரு முறையும் என் கண் போவது அந்தக் கைகளுக்கு. கல்லில் விரல் செய்வது முகம் செய்வதைவிடக் கஷ்டம்.

பேனரில் ‘சமாதானத் தூதர்’ என்று போட்டிருந்தது. அது உண்மைதான். 1779இல் சென்னைக் கம்பெனி அரசு அவரை ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு, ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. தமிழும் பாரசீகமும் மராத்தியும் தெரிந்தவர், ஹைதரும் நம்பக்கூடியவர் என்று. போனார், பேசினார், மரியாதையோடு திரும்பினார். ஆனால் பேனர் சொல்லாமல் விட்டது, அந்தத் தூது பலிக்கவில்லை என்பது. அடுத்த வருஷமே ஹைதரின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. 1781இல் தஞ்சாவூர்ச் சீமையைத் துவைத்து எடுத்தது. மாடுகளையும் ஆட்களையும் ஓட்டிக்கொண்டு போனார்கள், பாசன வேலைகளை நாசம் செய்தார்கள். ‘ஐதர் கலாபம்’ என்று பல தலைமுறை இந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். கம்பெனிக்காரர்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. சுவார்ட்ஸ் அவர்கள் அனுப்பிய ஆள் என்பதையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும்.

எனக்கு அவரிடம் பிடித்தது அதற்குப் பிந்தைய காரியம். கலாபம் வரும் முன்பே, விலை மலிவாக இருந்தபோது, அரிசி வாங்கி வைத்திருந்தார். பஞ்சம் வந்தபோது அதைக் கொண்டு கஞ்சி ஊற்றினார். கொடுங்கோல் வசூலுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய குடியானவர்கள், அரசன் வாக்கை நம்பாதவர்கள், இவர் வாக்குக் கொடுத்த பிறகு திரும்பி வந்து நாற்று நட்டார்கள். ஒப்பந்தம் பேசப் போனது தோற்றது, அரிசி ஜெயித்தது. இதை யாராவது வரைந்திருந்தால் தங்க ரேக்கை விட எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். “பேனர்ல இதையும் சேர்க்கலாமே ஐயா” என்றேன். “ஃபிளெக்ஸ் அடிச்சாச்சே சார்” என்றார். சரி.

அடுத்தது காவிரி. இது வராமல் இருக்குமா? கிருஷ்ணராஜ சாகரை ஒரு பெரிய பூட்டாகவும் டெல்டாவை நாக்கு வறண்ட கிழவியாகவும் வரைந்த படம் ஒன்று. கோபம் இருந்தது, சமாதானம் இல்லை. 1991இல் நடுவர் மன்றம் 205 டிஎம்சி என்று இடைக்கால உத்தரவு போட்டபோது கர்நாடகத்தில் தமிழர்கள் அடிவாங்கி ஓடிவந்ததை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம் மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சி என்று குறைத்தது, எல்லாம் ஆகிவிட்டது. எண்கள் குறையக் குறையப் படங்களில் பல் நீண்டுகொண்டே போகிறது.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய புகைப்பட நகல் தொங்கியது. ஊரில் ஒரு பெரிய விவசாயி கொடுத்தது. இரண்டு மாநில விவசாயிகளும் ஒரே வரப்பில் வரிசையாக நிற்கிறார்கள். 2003இல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ்.ஜனகராஜன் முன்கையெடுத்து, ‘காவிரிக் குடும்பம்’ என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அங்கிருந்து விவசாயிகள் இங்கே வந்து கடைமடையைப் பார்த்தார்கள், இங்கிருந்து அங்கே போய் அவர்கள் வயலைப் பார்த்தார்கள். பங்கீட்டு எண்ணில் அவர்களால் முடிவுக்கு வர முடியவில்லை. ஆனால் எதிர்த் தரப்பு என்பவன் தன்னைப் போலவே கடன் வாங்கி நாற்று விடுகிறவன் என்று கண்ணால் பார்த்தார்கள். புகைப்படத்தில் யாருக்கும் சிரிப்பு இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் சங்கடத்தோடு நிற்கிறார்கள். அந்தச் சங்கடம்தான் எனக்கு அந்தப் படத்தில் நம்பிக்கை கொடுத்தது.

கண்காட்சியிலேயே நல்ல படைப்பு எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், மூலையில் ஸ்டூல் மேல் இருந்த களிமண் தட்டு. எட்டாவது படிக்கிற ஒரு பையன் செய்தது. கடைமடைக் கிராமம் அவனுக்கு. எவர்சில்வர் தாம்பாளத்தில் வண்டல் மண்ணைப் பரப்பி, நடுவில் வரப்பு எடுத்து, இரண்டு வயல். ஓரத்தில் ஒரு வாய்க்கால். வாய்க்காலிலிருந்து இரண்டு வயலுக்கும் தனித்தனி மடை. ஒரு மடை திறந்திருக்கிறது, இன்னொன்றை மண் வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறது. அடைத்த மண்ணில் மண்வெட்டியின் தடம்கூட இருந்தது. ஐஸ் குச்சியால் அழுத்தியிருப்பான் போல. வரப்பின் மேல் இரண்டு ஆள். தலைமாட்டில் ஆளுக்கொரு டார்ச் லைட், பால்பாயிண்ட் பேனா மூடியில் செய்தது. ஒருவர் பக்கவாட்டில் ஒருக்களித்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. இன்னொருவர் மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு. தொண்டைக்குழி தெரிய ஒரு சின்னக் குழி போட்டிருந்தான்.

முறைத்தண்ணீர் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேட்டூரில் தண்ணீர் குறைவாக இருக்கிற வருஷம் ஆறுகளில் முறை வைத்துத்தான் விடுவார்கள். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, அப்புறம் அடுத்த ஆற்றுக்கு. ஆற்றில் முறை என்றால் வாய்க்காலிலும் முறை, வாய்க்காலில் முறை என்றால் மடையிலும் முறை. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்போது பெரும்பாலும் ராத்திரியாகி இருக்கும். உன் முறை எத்தனை மணிக்கு, என் முறை எத்தனை மணிக்கு என்று பேச்சு இருக்கும். ஆனாலும் யாரும் வீட்டில் படுக்க மாட்டார்கள். போய் வரப்பில் உட்கார்ந்துகொள்வார்கள். கண் அசந்தால் பக்கத்து வயல்காரன் மடையை அடைத்து விடுவான் என்ற பயம். வெட்டுக்குத்து வரை போன ராத்திரிகள் உண்டு. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

“ஏன்டா தம்பி, ரெண்டு பேரும் தூங்குறாங்க?” என்று கேட்டேன்.

“தண்ணி வந்துட்டு சார்” என்றான்.

“யாரு வயலுக்கு வந்துச்சு?”

“இவரு வயலுக்கு. ஆனா அவரு தூங்குறாரு பாருங்க.” மல்லாந்து கிடந்தவரைக் காட்டினான். “அவரு முறை காலையில.”

அடைபட்ட மடைக்காரர்தான் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். விடிந்ததும் தன் முறை வரும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவன். எனக்கு இது தோன்றியிருக்காது. இதற்குத் தலைப்பு என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, “எங்க தாத்தாவும் மேலவீட்டுக்காரரும்” என்றான். அப்படியே எழுதி வைத்தேன். அந்தத் தாத்தா வந்து பார்த்தார். மேலவீட்டுக்காரர் வந்தாரா என்று கேட்டேன், வரவில்லையாம். கண்காட்சி முடிவதற்குள் மண் காய்ந்து வரப்பு நடுவில் வெடித்துவிட்டது. பையன் தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர் தெளித்துத் தடவிவிட்டுப் போனான்.

அப்புறம் அந்த அரைப்படி.

சபையில் ஒரு வயதான அம்மா, பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. மஞ்சப்பையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். பிரித்தால் நெல் அளக்கிற ஒரு பழைய இரும்பு அரைப்படி. விளிம்பில் பித்தளைப் பட்டை, அடியில் துருவேறிய முத்திரை, உள்பக்கம் நெல் உரசி உரசி வழவழ என்று இருந்தது. “இதுல நெல்ல ரொப்பி வைங்க தம்பி. கீழ ஒரு தேதி மட்டும் எழுதணும்” என்றார். எழுதச் சொன்ன தேதி 25.12.1968.

எங்கள் பக்கத்தில் இந்தத் தேதிக்கு விளக்கம் தேவைப்படாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தெரியாதவர்கள் அதைவிட அதிகம். கீழ்வெண்மணி. அன்றைய கிழக்குத் தஞ்சையில், கூலி நெல்லில் கூடுதலாக அரைப்படி கேட்டு, செங்கொடிச் சங்கத்தில் நின்ற தலித் விவசாயத் தொழிலாளர்கள். மிராசுதார்களின் ஆட்கள் ஊருக்குள் புகுந்தபோது பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் ஒரு குடிசைக்குள் ஒடுங்கினார்கள். குடிசையைக் கொளுத்தினார்கள். 44 பேர். கிறிஸ்மஸ் ராத்திரி. வழக்கில் முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்டு நின்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் பிறகு விடுதலை செய்தது. டெல்டாவின் டிசம்பர் இப்படிப்பட்டது. 25க்கு அது, 26க்கு 2004 சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல், வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்மஸ் கொண்டாட வந்தவர்கள் உட்பட. சுனாமிக்குக் கண்காட்சியில் இடம் இருந்தது. மெழுகுவத்தி வரைந்து மூன்று படங்கள் வந்திருந்தன, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடல் யாருக்கும் சொந்தக்காரன் இல்லையே.

அரைப்படிக்கு மட்டும் பேச்சு கிளம்பியது. கிறிஸ்மஸ் நேரத்தில் எதற்கு, வெளியார் வருகிற இடத்தில் எதற்கு, இது அரசியல் ஆகிவிடாதா, சமாதானம் என்ற தலைப்புக்குப் பொருந்தவில்லையே. பேசியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் ஒருவர் எனக்கு மழையில் ஏணி பிடித்தவர். “பழச ஏன் கிளறணும்” என்பது நம் ஊரில் சமாதானத்துக்கு இருக்கிற நடைமுறை விளக்கம், அதைத்தான் அவர்கள் சொன்னார்கள். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. வேதப்புத்தகத்தை எடுத்து எரேமியா ஆறாம் அதிகாரம் பதினான்காம் வசனத்தை வாசித்தார்: “சமாதானமில்லாதிருந்தும்: சமாதானம் சமாதானம் என்று சொல்லி, என் ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்.” வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கமிட்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கடைசியில் நம்மூர்க் கமிட்டிகள் எப்போதும் எடுக்கிற முடிவையே எடுத்தார்கள்: வைக்கலாம், ஆனால் நடுவில் வேண்டாம், வாசல் ஓரமாக. அதாவது செருப்பு விடுகிற இடத்தில். எனக்கு முதலில் ஆத்திரமாக வந்தது. ஆனால் நடந்தது வேறு. வந்தவர்கள் எல்லாம் போகும்போது செருப்பை மாட்டக் குனிந்தார்கள், குனிந்த முகத்துக்கு நேரே ஒரு தாழ்ந்த முக்காலியில் அரைப்படி நெல்லும் தேதியும். பெரியவர்கள் சிலர் பேசாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் “இது என்ன நாள்?” என்று கேட்டார்கள், யாராவது ஒருவர் செருப்பு மாட்டியபடியே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நான் நடுவில் வைத்திருந்தால் இன்னொரு காட்சிப் பொருளாகப் போயிருக்கும்.

கீழ்வெண்மணிக்குப் பிறகு சமாதானம் செய்ய வந்தவர்களும் உண்டு என்பதை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். காந்திய வழியில் வந்த சர்வோதயக்காரர்களான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பக்கம் வந்து தங்கினார்கள். சமாதானக் கூட்டம் போட்டுவிட்டுப் போய்விடவில்லை. 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களிடம் பேசி, வங்கியில் கடன் எடுத்து, நிலத்தை வாங்கி நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரில் பத்திரம் செய்து கொடுத்தார்கள். 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. “நீதியும் சமாதானமும் ஒன்றையொன்று முத்தஞ்செய்யும்” என்று 85ஆம் சங்கீதத்தில் ஒரு வரி இருக்கிறது; கண்காட்சி வாசலில் வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். டெல்டாவில் அந்த முத்தம் பதிவுத்துறை அலுவலகத்தில், முத்திரைத்தாளில் நடந்தது என்று நான் சொல்வேன். அதை வரைவது எப்படி என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கைநாட்டு மையை வைத்து ஏதாவது செய்யலாம்.

இவ்வளவும் சொன்னபின் வராத படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் போட்ட வரிசையில், தூரத்திலிருந்து கிட்டே, கிட்டே என்று வந்து, கடைசிச் சுவர் காலியாக இருந்தது. அந்தக் கோயிலைப் பற்றிய படம் ஒன்றுமே இல்லை.

சுவார்ட்ஸ் ஐயரைப் போற்றுகிற அதே தஞ்சாவூர் சபையின் கதை இது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைகளுக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும், உட்காருவதிலும் திருவிருந்திலும் பிரிவு கூடாது என்று உத்தரவு அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் பணிய மறுத்தார்கள். சரபோஜியோடு சேர்ந்து சுவார்ட்ஸிடம் வளர்ந்த கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கங்களை விடச் சொல்வதை எதிர்த்து எழுதினார். அவர் பாட்டுகளில் எனக்குப் பிரியம் உண்டு, அதனால் இதை எழுதக் கொஞ்சம் கை தயங்குகிறது. தனித்தனி பெஞ்சு, தனித்தனி கல்லறை என்று தமிழ்நாட்டில் பல சபைகளில் நீண்ட காலம் இருந்தது, சில இடங்களில் கல்லறைச் சுவர் இன்றும் நிற்கிறது. இந்துக் கோயில்களில் நடந்ததும் நடப்பதும் எனக்குத் தெரியாதா என்ன, நான் அந்த வீட்டுப் பிள்ளைதானே. அதை நாங்களும் வரையவில்லை.

ஆனால் அவர்களிடம் ஒரு சடங்கு இருக்கிறது. கண்காட்சி முடிந்த ஞாயிறு என்னையும் ஆராதனைக்கு அழைத்திருந்தார்கள், பின்வரிசையில் உட்கார்ந்தேன். 1947இல் பல சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அதற்கு 1950இல் வகுத்த திருவிருந்து முறையில் சமாதானம் வழங்குவதை மறுபடி கொண்டு வந்தார்கள். சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த பழைய வழக்கம் அது. பீடத்திலிருந்து ஐயர் இறங்கி வந்து முதல் ஆளின் கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக் கொடுக்கிறார். அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் அதற்கு அடுத்தவருக்கு என்று வரிசை வரிசையாக அது பின்னால் வருகிறது. வணக்கம் போட்டுத் தப்பிக்க முடியாது. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கையைத் தொட்டே ஆகவேண்டும். ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன் என்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிடச் சரியான வைத்தியம் யோசித்திருக்க முடியாது. ஏணி பிடித்த அண்ணனிடமிருந்து அந்த ஆசிரியை அம்மாவுக்குப் போனதைப் பார்த்தேன். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை, ஆனால் கை கொடுத்தார்கள்.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது ஐயர், அடுத்த வருஷமும் செய்வோம், தலைப்பு மட்டும் மாற்றலாமா என்றார். தலைப்பு இதுவே இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் கிட்டே வருவோம் என்றேன். கோயிலின் பின்பக்கக் கொட்டகையில் பழைய பெஞ்சுகள் கிடக்கின்றன, சின்ன வயதில் அதில் ஏறி விளையாடியிருக்கிறோம். அதில் ஒன்று மற்றவற்றைவிட ஒரு சாண் குட்டை, சாய்மானம் கிடையாது. அதில் யார் உட்கார்ந்தார்கள் என்று வயதானவர்களைக் கேட்டு எழுதி, பெஞ்சைத் துடைத்துக் கடைசிச் சுவர் ஓரமாகப் போட்டால் போதும், வரையக்கூட வேண்டாம் என்றேன்.

“கமிட்டியில வச்சுப் பாக்குறேன் சார்” என்றார்.

எங்கள் ஆசிரியர் சங்கத்திலும் கமிட்டிகள் உண்டு, அந்த வாக்கியத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டு வைத்திருக்கிறேன். அந்த ஆசிரியை அம்மாவும் கமிட்டியில் இருக்கிறார்.